முட்டைக்கோழிக்கு எந்த இலை, எவ்வளவு: மலையகத்தில் புதிதாக வளர்ப்போருக்கு

மஞ்சள் கொடுக்கலாமா, வெள்ளைப்பூடு போட்டால் சளி வராதா, முருங்கை இலையில் முட்டை கூடுமா என்றுதான் புதிதாகக் கோழி வாங்குகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. காலையில் கூட்டைத் திறந்ததும், கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூக்கோ கண்ணோ எரிந்தால் அது எச்சத்திலிருந்து எழும் அமோனியா. இரவு முழுக்க அதைச் சுவாசிக்கும் கோழிக்கு மூச்சுக்குழாய் புண்ணாகிவிடும். பிறகு வரும் சளிக்கு எந்த இலையும் மருந்தில்லை. கூடு, தீன், தண்ணீர், வெளிச்சம் நான்கும் சரியான பிறகுதான் இலையும் பொடியும் கணக்கில் வரும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் பழுப்பு முட்டை இடும் கலப்பினக் கோழி பத்துக்கு. ஷேவர் பிரவுன் போன்றவை இந்த வகை. நாட்டுக்கோழி கொஞ்சம் குறைவாகத் தின்னும், முட்டையும் குறைவு.

கூடு: குளிரை விட ஈரம் கெட்டது

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவுதான். தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் உறைபனியும் விழும். இந்தக் குளிரைப் பார்த்துப் பயந்து கூட்டைச் சாக்காலும் பொலித்தீனாலும் மூடிக் கட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இறகு காய்ந்திருக்கும் வரை கோழி குளிரைத் தாங்கும். மூடிய கூட்டில் மூச்சுக்காற்றின் ஈரம் தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும், கீழே கிடக்கும் மரத்தூள் நனையும், நனைந்த எச்சத்திலிருந்து அமோனியா எழும். நோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆகவே கூரைக்குக் கீழே நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். கீரியும் மரநாயும் நுழையாமல் இருக்கவும் அந்த வலைதான் காவல். கோழி உறங்கும் உயரத்தில் மட்டும் காற்று நேராக அடிக்காமல் பலகை வையுங்கள். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கு மழை அடிக்கும். பதுளை, பசறைப் பக்கம் ஐப்பசிக்குப் பின் வரும் மழைதான் பெரிது. கூட்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

நாள் முழுக்க அடைத்து வைப்பதானால் பத்துக் கோழிக்கு 40 சதுர அடி. பகலில் வெளியே விடுவதானால் அதில் பாதி போதும். உறங்கும் கம்பு ஒரு கோழிக்கு 20 சென்ரிமீற்றர், பத்துக்கு 2 மீற்றர். மண்வெட்டிப் பிடி பருமனில், விளிம்பு மழுக்கியதாக, இரண்டு மூன்றடி உயரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். உயரமான கம்பிலிருந்து குதித்துக் குதித்து மார்பெலும்பு உடைவது முட்டைக்கோழிகளில் அதிகம் நடக்கிறது. முட்டைப்பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி.

தரையில் நான்கு அங்குலத்துக்குக் காய்ந்த மரத்தூளோ மரச்சீவலோ போடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, அள்ளி மாற்ற வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு வாரம் போகலாம். மருந்து ஊறவைத்த பலகையைச் சீவிய தூள் வேண்டாம்.

அடிப்படைத் தீன்

ஒரு கோழி நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும். குளிர் மிகுந்த இடத்தில் உடம்புச் சூட்டுக்காகக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். பத்துக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 2 முதல் 2.5 லீற்றர். அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனாலே அடுத்த நாட்களில் முட்டை குறையும்.

கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீனில் புரதம் 16 முதல் 18 வீதம், கல்சியம் 3.5 முதல் 4 வீதம் இருக்கும். சாக்கில் ஒட்டிய துண்டைப் படித்து வாங்குங்கள், குஞ்சுத் தீனையோ இறைச்சிக்கோழித் தீனையோ மாற்றி வாங்கிவிட வேண்டாம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தின்பதில் பாதியளவுதான் உடம்பில் சேரும் என்பதால் கோழிக்கு நாளுக்கு 4 கிராம் வேண்டும். அளவாகத் தீன் தின்றாலே அது கிடைத்துவிடும்.

2022 பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறியபோது பலர் பாதித் தீனை நிறுத்திவிட்டு, சோறு, பாண், இலைதழையால் ஈடுகட்டினார்கள். வயிறு நிறையும், ஆனால் புரதமும் கல்சியமும் பாதியாகும். முதல் சில வாரங்கள் கோழி தன் எலும்பைக் கரைத்து முட்டை போடும், அதனால் எல்லாம் நன்றாக நடப்பதாகத் தோன்றும். பிறகு தோல் முட்டை வரும், கால் தளரும், கோழி உட்கார்ந்துவிடும். இலையை தீனுக்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது, தீனோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். குசினியில் மிஞ்சும் சோறு, மரக்கறி எல்லாம் சேர்ந்து பத்துக் கோழிக்கு நாளுக்கு ஒரு கோப்பைக்கு மேல் போகக் கூடாது. கருவாடு, ஊறுகாய், உப்புக் கூடிய குழம்பு போட்டால் எச்சம் தண்ணீராகப் போய்க் கூடு நனையும்.

கல்சியத்தைத் தனிச் சிரட்டையில் கூடுதலாக வையுங்கள். சிப்பி ஓடு வாங்கலாம். வீட்டில் மிஞ்சும் முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, சட்டியில் பத்து நிமிடம் வறுத்து, அரிசிக் குருணை அளவுக்கு நொறுக்கினாலும் போதும். மாவாக இடிக்க வேண்டாம். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணிநேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. நொறுங்கல் வயிற்றில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும், மாவு அதற்குள் போய்விடும். ஆகவே பின்னேரத்தில் வைப்பது நல்லது.

தோட்டங்களில் மண்ணுக்குப் போடும் டொலமைட்டைச் சிலர் இதற்கு எடுக்கிறார்கள். பார்க்கச் சுண்ணாம்புக்கல் தூள் போலத்தான் இருக்கும், ஆனால் அதில் மக்னீசியம் நிறைய. அது கல்சியம் சேர்வதைத் தடுக்கும், வயிற்றோட்டமும் வரும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் கூடாது, தொண்டையைச் சுடும்.

பச்சை இலை

பத்துக் கோழிக்கு நாளுக்கு 200 முதல் 300 கிராம் பச்சை இலை போதும். இரண்டு கை நிறைய என்று கொள்ளலாம். இலையில் பெரும்பகுதி தண்ணீர். அதற்கு மேல் கொடுத்தால் வயிறு நிறைந்து தீன் இறங்காது. காலையில் தீன் தின்ற பிறகு, பத்து பதினொரு மணிக்குக் கொடுங்கள்.

மலைநாட்டில் எளிதாகக் கிடைப்பவை: கோவா வெளியிலை, நோக்கோல் இலை, முள்ளங்கி இலை, கரட் இலை, பொன்னாங்காணி, வல்லாரை. கோவா, முள்ளங்கி இனத்தை மட்டுமே நாள்தோறும் கொடுத்தால் தைரொயிட் சுரப்பி பாதிக்கப்படும். பீட்ரூட் இலை, பசளி, கீரை வகைகளில் ஒக்சலேற்று உண்டு, அது கல்சியத்தைப் பிடித்து எச்சத்தோடு கொண்டுபோய்விடும். அவை வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஒரே இலையைத் தொடர்ந்து கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இந்தத் தொல்லைகள் வராது.

நீண்ட புல்லை அப்படியே வாரிப் போடாதீர்கள். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பைக்குள் அது கயிறாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு அங்குலத்துக்குக் குறைவாக நறுக்குங்கள், அல்லது கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள், தானே கிழித்துத் தின்னும். இலை தின்னும் கோழிக்குப் பல்லுக்குப் பதில் கல் வேண்டும். 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவில் கரடான சிறு கல்லை ஒரு சிரட்டையில் வையுங்கள். சிப்பி ஓடு கரைந்துவிடும், கல்லின் வேலையை அது செய்யாது. இரண்டும் தனித்தனியே வேண்டும்.

மஞ்சள் கருவின் நிறத்தைப் பற்றி ஒன்று. கரட் போட்டால் கரு சிவக்கும் என்று நுவரெலியாவில் பலர் நம்புகிறார்கள். கரட்டில் இருக்கும் பீட்டா கரட்டீனைக் கோழி விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது, கருவில் நிறமாக அது பெரிதாகச் சேர்வதில்லை. நிறம் தருவது சந்தோபில் என்ற வேறு நிறப்பொருள். பச்சை இலையிலும், மஞ்சள் சோளத்திலும், மாலைக்குக் கட்டும் துலுக்கச் செவ்வந்தி இதழிலும் அது இருக்கிறது. வீட்டில் பூத்த இதழ் ஒரு பிடி போதும், கடையில் வாங்கிய பூவில் மருந்து இருக்கும். சிவந்த மிளகாய்த் தூள் கிலோத் தீனுக்கு 5 கிராம் போட்டாலும் கரு ஆரஞ்சாகும். காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு மனிதரைப் போல இல்லை, கோழிக்கு எரியாது. (தூளைக் கலப்பவருக்குத்தான் எரியும்.) எதுவானாலும் நிறம் முழுமையாகத் தெரியப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், ஒரு கரு வளர அவ்வளவு நாள் வேண்டும். நிறம் வந்ததால் சத்துக் கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

மழை நாளில் இலை பறிக்க முடியாவிட்டால் முளைகட்டிய தானியம். பத்துக் கோழிக்கு 100 கிராம் நெல்லோ பாசிப்பயறோ சோளமோ எடுத்து 12 மணிநேரம் ஊறவைத்து, வடித்து, நாளுக்கு இரண்டு முறை அலசுங்கள். கண்டியில் மூன்று நாளில் முளைக்கும், நுவரெலியாவில் ஐந்து நாள் ஆகலாம். புளித்த வாடை வந்தாலோ பஞ்சுபோல் பூஞ்சணம் படர்ந்தாலோ குழியில் போட்டு மூடுங்கள்.

பொடியும் மூலிகையும்

முருங்கை இலைப் பொடியில் நான்கில் ஒரு பங்கு புரதம். தீனில் 2 முதல் 3 வீதம், அதாவது 1.2 கிலோவுக்கு 25 முதல் 35 கிராம் கலக்கலாம். 5 வீதத்தைத் தாண்டினால் தீன் இறங்குவது குறைந்து முட்டையும் குறையலாம். நுவரெலியாக் குளிரில் முருங்கை நன்றாக வராது. பதுளை, மாத்தளைப் பள்ளங்களில் இருக்கும் உறவினரிடம் கேட்டு வாங்கிக் காயவைக்கலாம். வெயிலை நம்பினால் பாதி இலை கறுத்துவிடும். இப்படிச் செய்யுங்கள்:

1. இலையை உருவி, அலசி, துணியில் ஒற்றி ஈரத்தை எடுங்கள்.
2. சுளகில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்புங்கள்.
3. அடுப்புக்கு மேல் இருக்கும் பரணில், புகை நேராகப் படாத மூலையில் வையுங்கள். நாளுக்கு இரண்டு முறை கிளறுங்கள்.
4. இரண்டு மூன்று நாளில் கையில் நசுக்கினால் சரசரவென்று நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.
5. இடித்து, காய்ந்த போத்தலில் இறுக மூடி, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மஞ்சள் பொடி கிலோத் தீனுக்கு 5 கிராம், தேக்கரண்டியில் தட்டையாக இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆய்வுகளின் முடிவு ஒன்றுபோல் இல்லை: சிலவற்றில் நன்மை தெரிகிறது, சிலவற்றில் வேறுபாடே இல்லை. கெடுதல் செய்யாத அளவு இது. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் விலை எகிறியபோது கலப்பட மஞ்சள் நிறைய வந்தது. கிழங்காக வாங்கி இடிப்பதே நல்லது.

வெள்ளைப்பூடு இரண்டு மூன்று பல்லை நசுக்கி, ஈரத் தீனில் பிசைந்து வாரத்துக்கு இரண்டு நாள். நாள்தோறும் நிறையக் கொடுத்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், முட்டையிலும் வாடை வரலாம். வெங்காயமும் லீக்ஸும் இதே இனம், கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டக் கூடாது.

இந்தப் பட்டியலில் குறைவாகப் பேசப்படுவது கற்பூரவள்ளி. ஒறிகானோ என்ற வெளிநாட்டு மூலிகையின் எண்ணெயில் இருக்கும் கார்வக்ரோல் என்ற அதே பொருள் இதன் இலையிலும் இருக்கிறது. வெளிநாட்டுத் தீன் கலவைகளில் அந்த எண்ணெய் சேர்க்கப்படுகிறது. இங்கே ஒரு தகரப் பேணியில் தண்டை ஊன்றினால் வளர்ந்துவிடும், உறைபனி விழும் இரவில் மட்டும் உள்ளே எடுத்து வையுங்கள். கோழிக்கு இரண்டு மூன்று இலை வீதம் நறுக்கி, வாரத்துக்கு இரண்டு நாள்.

தேங்காய் வினாகிரியை லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் கலப்பவர்கள் பிளாஸ்டிக் பாத்திரம் எடுங்கள். புளிப்பு துத்தநாகம் பூசிய வாளியைக் கரைத்து நஞ்சாக்கும்.

தேங்காய்ப் புண்ணாக்கு வாங்குவோர் முகர்ந்து பார்த்து வாங்குங்கள். காறல் வாடையோ பூஞ்சணமோ இருந்தால் விலை குறைவென்று எடுக்காதீர்கள். அப்படிப் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கிலும் சோளத்திலும் அப்லாரொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு உருவாகலாம், வேகவைத்தாலும் அது போகாது. தீன் சாக்கைத் தரையில் வைக்காமல் பலகையில், சுவரைத் தொடாமல் வையுங்கள். நம் ஊர் மூடுபனியில் திறந்த சாக்கு ஒரே மாதத்தில் கெட்டுவிடும்.

தொடவே கூடாதவை

நஞ்சு பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே வளர்கிறது. பட்டர்புரூட் இலை, தோல், கொட்டை மூன்றிலும் பேர்சின் என்ற நஞ்சு இருக்கிறது, பறவைகளின் இதயத்தைத் தாக்கும். மரத்தடியில் கூடு கட்டுவதையே தவிருங்கள். பச்சை பிடித்த உருளைக்கிழங்கு, அதன் முளை, இலை; வேகாத காய்ந்த போஞ்சி விதை; மரவள்ளி இலை; ஆமணக்கு; அலரி; பங்களாத் தோட்டங்களில் மணிபோல் தொங்கும் ஊமத்தைப் பூ. வேலிக்கும் நிழலுக்கும் நடும் கிளிரிசீடியா, இப்பில் இப்பில் இலைகள் மாட்டுக்கு ஆகும், கோழிக்கு ஆகாது. தேயிலைத் தூசியிலும் குடித்த தேயிலைச் சக்கையிலும் கபெயினும் தனினும் இருக்கின்றன, தனின் புரதத்தைக் கட்டிப்போடும். அவை பயிருக்கு உரமாகட்டும்.

எல்லாவற்றையும் விட, மருந்தடித்த மலையில் வெட்டிய புல். களைகொல்லி அடித்த இலை முதல் நாள் பச்சையாகத்தான் இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மலைக்கு எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அரிவாளை எடுக்க வேண்டும். மரக்கறிச் சந்தையில் ஒதுக்கிப்போட்ட கோவா வெளியிலையும் இப்படித்தான், பூச்சிமருந்து முதலில் படுவது அதில். யாருடைய பாத்தி என்று தெரிந்த இலையை மட்டும் எடுங்கள்.

இறகு கொத்துதல்

ஒன்றையொன்று கொத்தி, முதுகில் இறகில்லாமல் நிற்கும் கோழிகளைப் பார்த்ததும் மூலிகை தேடுகிறார்கள். காரணங்கள் வேறு: நெருக்கம், மெதியோனைன் என்ற புரதக்கூறு குறைந்த தீன், பேன், நாள் முழுக்கச் செய்ய வேலையில்லாமை. கடைசி இரண்டுக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது.

ஒரு முழுக் கோவாவை நடுவில் துளைத்து, கயிற்றில் கோத்து, கோழியின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். அது ஆடும், எட்டிக் கொத்த வேண்டியிருக்கும், அரை நாள் பொழுது போகும். ஒன்றுக்குப் பதில் இரண்டு இடத்தில் தொங்கவிட்டால்தான் பலவீனமான கோழிக்கும் கிடைக்கும். தீனில் 2 முதல் 3 வீதம் சுத்தமான உமி கலப்பதும் பலன் தரும். கரையாத நார் கிடைத்த கோழி மற்றதன் இறகைத் தின்பது குறைகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விடயம். இரத்தம் வந்த கோழியை அன்றே பிரித்து வையுங்கள். சிவப்பு நிறம் மற்றவற்றை மேலும் கொத்த இழுக்கும்.

பேனுக்குச் சாம்பல் குளியல். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) எரித்த சாம்பல் ஒரு பங்கு, காய்ந்த மண் அல்லது மணல் இரண்டு பங்கு, ஓரடி ஆழப் பெட்டியில், கூரைக்குக் கீழே. சாம்பல் நனைந்தால் காரமாகித் தோலைப் புண்ணாக்கும், ஆகவே நனைந்ததை உடனே கொட்டிவிடுங்கள். இரவில் ரோர்ச் அடித்துக் கம்பின் அடிப்பக்கத்தையும் மூட்டு இடுக்கையும் பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும். சாம்பல் அதற்குப் போதாது. கம்பைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இடுக்குகளைத் தேய்க்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

முட்டை குறைந்தால், இலைக்கு முன் இவற்றைப் பாருங்கள்

நம் நாட்டில் பகல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணிநேரம். முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணிநேர வெளிச்சம் வேண்டும். சிறிய எல்ஈடி பல்ப் ஒன்றை விடியற்காலை 4 மணிக்குப் போடுங்கள். மாலையில் நீட்டினால், அணைத்ததும் கம்பேறாத கோழி இருட்டில் தரையில் தவிக்கும். இறகுதிர்க்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்பது இயல்பு. அதை எந்தப் பொடியும் மாற்றாது.

கழுத்துத் திருகல், பச்சை எச்சம், வாய் பிளந்து மூச்சு வாங்குதல் கண்டால் அது ராணிக்கெட் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். அன்றே பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டவணையையும் அங்கேயே கேட்டு முன்கூட்டிப் போட்டுவிடுங்கள். குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் வந்தால் இரத்தக் கழிச்சல், ஈரக் கூட்டில் வருவது, மருந்தில்தான் நிற்கும். வெள்ளைப்பூட்டை நம்பி இரண்டு நாள் போக்கினால் பாதிக் குஞ்சு போய்விடும். வைத்தியர் கொடுத்த மருந்து முடிந்து எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கொப்பி

ஒரு பழைய பாடசாலைக் கொப்பி போதும். நாள்தோறும் முட்டை எண்ணிக்கை, வைத்த தீன், மெல்லிய ஓடு எத்தனை, எச்சம் எப்படி. பத்துக் கோழி 8 முட்டை போட்டு 1.2 கிலோ தின்றால், ஒரு முட்டைக்கு 150 கிராம் தீன். வாரக் கணக்கில் அது 200ஐத் தாண்டினால் எலியா, சிந்துகிறதா, நோயா என்று தேடுங்கள்.

புதிய பொடியோ இலையோ தொடங்கினால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதலில் இரண்டு வாரம் எதுவும் மாற்றாமல் எழுதுங்கள், பிறகு நான்கு வாரம் அதைக் கொடுத்து எழுதுங்கள். அந்த நான்கு வாரத்தில் பல்பையோ தீன் கடையையோ மாற்றினால் கணக்குக் கெட்டுவிடும். எண்ணிக்கை, ஓடு, இறகு மூன்றிலும் வேறுபாடு இல்லையென்றால் நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு சாக்கு மரத்தூள் வாங்கிப் போடுங்கள்.